வலிப்பின் வரலாறு – 9: ஓரெழுத்து மாறிய கட்டி

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் அவரை நோக்கி முதலில் நீளுவது ஓர் இரும்புத் துண்டு. சாவிக்கொத்து, தறிப்பட்டறையில் கிடக்கும் ஸ்பேனர், எது அகப்படுகிறதோ அது. கஞ்சமலை அடிவாரத்து ஊர். மலையே இரும்புத் தாது. இரும்புக்கு என்ன பஞ்சம்? பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும். அடங்கிய நேரத்தில் கையில் இருந்தது இரும்பு என்பதால் பெயர் அதற்குப் போய்விடுகிறது. அப்புறம் சித்தர்கோவில் அமாவாசை, ஒரு தாயத்து, தெரிந்தவர் சொன்ன நாட்டு மருந்து. இத்தனையும் முடிந்து சேலத்துக்குப் பஸ் ஏறி ஸ்கேன் எடுக்கும்போது சில மாதங்கள், சிலருக்குச் சில வருடங்கள் ஓடிப்போயிருக்கும்.

ஸ்கேனில் கட்டி தெரிந்து, அதை அறுத்தும் எடுத்துவிட்டால், சில நாட்களில் பயாப்சி ரிப்போர்ட் வரும். முன்பெல்லாம் அதில் கட்டியின் பெயரும் தரமும் மட்டும் இருக்கும். இன்று ‘ஐ.டி.எச்.1 பாசிட்டிவ்’, ‘ஏ.டி.ஆர்.எக்ஸ்.’, ‘1பி/19க்யூ’ என்று எழுத்தும் எண்ணுமாக நாலைந்து வரிகள் கூடுதலாக இருக்கின்றன. டாக்டர்கள் இவற்றை மார்க்கர் என்கிறார்கள். கட்டியின் செல்களுக்குள் இருக்கும் அடையாளங்கள் இவை. கட்டி என்ன ரகம், எவ்வளவு வேகம், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை இவற்றைக் கொண்டு கணிக்கிறார்கள். அது ஏன் வலிப்பை உண்டாக்கியது என்ற கேள்விக்கும் இப்போது இவற்றில்தான் விடை தேடுகிறார்கள்.

அந்தக் கேள்வி பழையது, புதிரானது. வேகமாக வளர்ந்து ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஆளைக் கொண்டுபோகும் கிளையோபிளாஸ்டோமாவில் பத்துப் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு வலிப்பு வருகிறது. மெதுவாக, ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும் சாதுவான கட்டிகளிலோ பத்தில் ஆறு முதல் ஒன்பது பேருக்கு வருகிறது. கட்டி மூளையை அழுத்துவதால்தான் வலிப்பு என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? இந்தத் தலைகீழ்க் கணக்குக்கு விடை கிடைக்க, முதல் கட்டியை அறுத்த நாளிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

இடத்தைச் சொன்ன வலிப்பு

ஜாக்சனை முந்தைய பகுதிகளில் பார்த்தோம். வலிப்பு உடம்பின் எந்த மூலையில் தொடங்குகிறதோ, அதை ஆளும் மூளைப் பகுதியில் கோளாறு இருக்கிறது என்று 1860களிலும் 70களிலும் லண்டனில் விடாமல் சொல்லிவந்தவர். கைகால் வெட்டி இழுப்பது மட்டும்தான் வலிப்பு என்ற எண்ணத்தையும் அவர் உடைத்தார். 1889இல் அவரும் பீவர் என்ற மருத்துவரும் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு சமையல்காரப் பெண் வருகிறார். அவருக்கு வலிப்பு கெட்ட நாற்றத்தில் தொடங்கும். கூடவே இல்லாத ஓர் உருவம் கண்முன் நடமாடும். அவர் இறந்தபின் பார்த்தபோது மூளையின் வலது பொட்டுமடலில் கட்டி இருந்தது. 1937இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் ரப்பர் கருகும் நாற்றம் அடிப்பதாகச் சொல்லத் தொடங்கியபோது சுற்றியிருந்தவர்கள் மனச்சோர்வு என்றார்கள். அதே ஆண்டு ஜூலை 11 அன்று, 38 வயதில், மூளைக் கட்டியால் இறந்தார்.

ஜாக்சனின் கணக்கை நம்பிக் கத்தி எடுத்தது 1884 நவம்பர் 25 அன்று. லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் இருந்த வலிப்பு, வாத நோய் மருத்துவமனை. நோயாளி ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இளம் விவசாயி. முகத்தின் இடப்பக்கத்திலும் இடக்கையிலும் இழுப்பு. ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர் கட்டி வலது மூளையில் இன்ன இடத்தில் என்று குறித்துக் கொடுத்தார். ரிக்மன் காட்லீ என்ற சர்ஜன் மண்டையைத் திறந்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் பதினோரு ஆண்டு இருந்தது. வலிப்பு போன்ற அறிகுறிகள் காட்டிய திசையைத் தவிர வேறு வழிகாட்டி கிடையாது. சொன்ன இடத்தில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, அக்ரூட் அளவில் கட்டி இருந்தது. எடுத்தார்கள். நோயாளி 28 நாள் உயிரோடு இருந்து, காயத்தில் கிருமி தொற்றி இறந்தார்.

அப்படிப் பார்த்தால் மூளைக் கட்டியின் முதல் மார்க்கர் வலிப்புதான். ஆனால் அது இடத்தை மட்டும் சொன்னது, ரகத்தைச் சொல்லவில்லை.

அக்காவின் மூளை

ரகம் பிரிக்கும் வேலை 1926இல் பெரிதாக நடந்தது. பாஸ்டனில் ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும் நூற்றுக்கணக்கான கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, செல்லின் தோற்றத்தை வைத்துக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் நோயாளியை எத்தனை காலம் வாழவிட்டது என்றும் எழுதிவைத்தார்கள். அடுத்த எண்பது ஆண்டுகள் உலகம் முழுக்கப் பயாப்சி ரிப்போர்ட் எழுதப்பட்டது இந்த வழியில்தான்.

1928இல் வைல்டர் பென்ஃபீல்டு என்ற சர்ஜன் கனடாவின் மாண்ட்ரியல் நகருக்குக் குடியேறினார். வந்த சில மாதங்களில் ஒரு நோயாளி வந்தார்: அவருடைய சொந்த அக்கா ரூத். நெடுங்காலமாக வலிப்பு உள்ளவர். இப்போது தலைவலியும் சேர்ந்துகொண்டது. அந்த டிசம்பரில் தம்பியே அக்காவின் மண்டையைத் திறந்தார். வலது முன்மடலில் பெரிய கட்டி. மடலின் பெரும்பகுதியோடு சேர்த்து எடுத்தும் முழுவதையும் எடுக்க முடியவில்லை. கட்டியின் பெயர் ஆலிகோடெண்ட்ரோகிளையோமா. மெதுவாக வளரும் வகை, வலிப்புக்குப் பேர்போனது.

ரூத் வீடு திரும்பினார், நடமாடினார், பேசினார். ஒருநாள் தம்பியைச் சாப்பிட அழைத்தார். வீட்டார் நால்வர், விருந்தாளி ஒருவர். நாள் முழுக்க அவகாசம் இருந்தது. தம்பி போய்ப் பார்த்தால் எல்லாப் பொருளும் சமையலறையில் இருக்கிறது, ஒன்றிரண்டு அடுப்பிலும் இருக்கிறது, ஆனால் எதை முதலில் செய்வது என்று தெரியாமல் அக்கா கலங்கி நிற்கிறார். முன்மடல் என்ன வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாக 1935இல் பென்ஃபீல்டு இதை எழுதி வெளியிட்டார். அதற்குள் கட்டி மீண்டும் வளர்ந்து ரூத் இறந்துவிட்டிருந்தார். 1934இல் பென்ஃபீல்டு நிறுவிய மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனம் திறக்கப்பட்டது. நோயாளியை விழித்திருக்க வைத்து, மூளையை மின்முனையால் தொட்டுத் தொட்டு வலிப்பின் ஊற்றைத் தேடும் முறையை உலகம் அங்கேதான் கற்றுக்கொண்டது.

மாண்ட்ரியலிலிருந்து காட்பாடிக்கு

அங்கே கற்றவர்களில் ஒருவர் ஜேக்கப் சாண்டி. 1910இல் கோட்டயத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பஹ்ரைனில் வேலை பார்த்து, அமெரிக்கா வழியாகப் பென்ஃபீல்டிடம் போய்ச் சேர்ந்தவர். மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அழைப்பின் பேரில் 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு, சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அதே பணியைத் தொடங்கினார். 1951இல் இவ்விருவரும், எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். நான்கே பேர். இவர்களில் பல்தேவ் சிங் மூளையின் மின்னலைகளைப் படிக்கும் இ.இ.ஜி. நிபுணராகச் சாண்டிக்குத் துணை நின்றார். 1952இல் இந்தியாவில் வலிப்புக்கான முதல் மூளை அறுவை வேலூரில் நடந்தது.

மாத்திரையில் கட்டுப்படாத வலிப்பு என்றால் சேலம் ஜங்ஷனில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் போகும் வழக்கம் நம் பக்கத்தில் வேரூன்றியதன் பின்னணி இது.

கட்டி போலிருந்த புழு

வேலூரின் அடுத்த பங்களிப்பு, கட்டி இல்லாததைக் கட்டி இல்லை என்று சொன்னது.

1971இல் லண்டனுக்குப் பக்கத்தில் முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1980களில் அந்தக் கருவி இந்திய நகரங்களுக்கு வந்ததும் ஒரு விசித்திரம் தெரிந்தது. வலிப்போடு வரும் பலரின் மூளையில், மருந்து ஏற்றி எடுத்த படத்தில், இரண்டு சென்டிமீட்டருக்கும் சிறிய ஒரே ஒரு வளையம் வெள்ளையாக மின்னியது. காசநோய்க் கட்டியாக இருக்கும் என்று எண்ணி மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். வளையம் மறைந்தது. மாத்திரை வேலை செய்தது என்று எல்லோரும் நம்பினார்கள்.

வேலூரில் மேத்யூ ஜே. சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு அந்த வளையங்கள் சிலவற்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தது. உள்ளே இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவம். 1989இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். டி.பி. மாத்திரை இல்லாமலே அந்தப் புழு செத்துச் சுருங்கி மறைந்துவிடும் என்பதும் தெளிவானது. யாருக்கு மண்டையைத் திறக்க வேண்டாம் என்பதற்கு அவர்கள் அளவுகோலும் வகுத்தார்கள்: புள்ளி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், 20 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கக்கூடாது, மூளை அழுத்தம் கூடிய அறிகுறியோ, நாளுக்கு நாள் கூடும் பலவீனமோ, உடலில் வேறு நோயோ இருக்கக்கூடாது. எத்தனையோ பேர் தேவையற்ற அறுவையிலிருந்து தப்பினார்கள்.

ரத்தத்தில் இந்தப் புழுவுக்கு எதிரான பொருளைக் கண்டுபிடிக்கும் சோதனையும் உண்டு. புழுக்கள் பல இருந்தால் அது நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஒன்றே ஒன்று என்றால் பாதிப் பேரிடம் கோட்டை விட்டுவிடும். நம் ஊரில் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். ஆகவே ரத்தச் சோதனை ‘இல்லை’ என்றால் புழு இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. மார்க்கர்களைப் பற்றிய முக்கியமான பாடம் இது: எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது.

வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் செய்து 2006இல் வெளியான ஆய்வில், வலிப்பு நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்தப் புழுவே காரணம் என்று தெரிந்தது. பன்றிக்கறி தொடாத வீட்டிலும் இது வரும். குடலில் நாடாப்புழு உள்ளவரின் மலத்தோடு வெளியேறும் முட்டை, கழுவாத கை வழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் வயிற்றுக்குள் போவதுதான் வழி. வலிப்போடு வந்தவரின் ஸ்கேனில் ஒரு புள்ளி தெரிந்தால் குடும்பமே கதிகலங்கிப் போகிறது. அது கட்டியாக இல்லாமல் இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு என்பதை வேலூர்தான் நிறுவியது.

அட்டையில் ஒரு துளை

கட்டியாகவே இருந்தால்? அங்கே கதை 2008இல் திரும்பியது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு 22 கிளையோபிளாஸ்டோமாக்களை எடுத்து, அவற்றின் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களை எழுத்து எழுத்தாகப் படித்தது. புற்றுநோயோடு அதுவரை யாரும் சேர்த்துப் பேசாத ஒரு மரபணு சிக்கியது. அதன் பெயர் ஐ.டி.எச்.1. செல் தன் உணவை எரிக்கும் பாதையில் ஒரு சாதாரண நொதியைச் செய்வது அதன் வேலை. சில கட்டிகளில் அந்த மரபணுவின் 132ஆம் இடத்தில் ஓரெழுத்து மாறியிருந்தது. அப்படி மாறியவர்கள் இளவயதினர். மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள். மறு ஆண்டு டியூக் பல்கலைக்கழகத்தார் மெதுவாக வளரும் கட்டிகளைப் பார்த்தார்கள். இரண்டாம், மூன்றாம் தரக் கட்டிகளில் பத்தில் ஏழுக்கும் மேல் இதே மாற்றம் இருந்தது.

இளம்பிள்ளைத் தறிக்காரருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். ஜக்கார்டு அட்டையில் வேண்டாத இடத்தில் ஒரு துளை விழுந்துவிட்டால், அந்த அட்டையில் ஓடும் ஒவ்வொரு புடவையிலும் அதே இடத்தில் அதே பூ பிசகும். நூலிலோ சாயத்திலோ குற்றம் தேடிப் பயனில்லை. ஒரு செல்லில் விழுந்த ஓரெழுத்து மாற்றமும் அப்படித்தான், அதிலிருந்து பிறக்கும் கோடிக்கணக்கான செல்களில் தவறாமல் படிகிறது. அதனால்தான் அது நம்பகமான அடையாளமாகிறது.

இதைக் கண்டுபிடிக்க மரபணுவைப் படிக்கும் விலை உயர்ந்த இயந்திரம் எல்லா ஊரிலும் வேண்டியிருந்தால் நமக்குப் பயன் இல்லாமல் போயிருக்கும். 2009இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஆண்ட்ரியாஸ் ஃபான் டைம்லிங் குழுவினர் மாறிய புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஒரு எதிர்ப்பொருளைச் செய்தார்கள். சீவிய திசுவின் மேல் அதை விட்டுச் சாயமேற்றினால், மாற்றம் உள்ள செல்கள் பழுப்பாகத் தெரியும். மூளைக் கட்டிகளில் காணும் ஐ.டி.எச். மாற்றங்களில் பத்தில் ஒன்பதை இந்த ஒரே சாயச் சோதனை பிடித்துவிடுகிறது. சாதாரண நோயியல் ஆய்வுக்கூடத்திலேயே செய்யலாம். டெல்லி எய்ம்ஸில் சித்ரா சர்க்கார், பெங்களூரு நிம்ஹான்ஸில் வாணி சந்தோஷ் ஆகியோரின் குழுக்கள் இந்திய நோயாளிகளின் கட்டிகளில் இந்த மார்க்கர்களை ஆராய்ந்து எழுதினார்கள்.

2021இல் உலக சுகாதார நிறுவனம் மூளைக் கட்டிகளின் பெயர்ப் பட்டியலையே மாற்றி அமைத்தது. ஆலிகோடெண்ட்ரோகிளையோமா என்று எழுத இன்று மைக்ராஸ்கோப் தோற்றம் போதாது. ஐ.டி.எச். மாறியிருக்க வேண்டும், ஒன்றாம் குரோமோசோமின் குறுங்கையும் பத்தொன்பதாம் குரோமோசோமின் நெடுங்கையும் சேர்ந்து தொலைந்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் வரும் 1பி/19க்யூ இதுதான். இந்த இழப்பு உள்ள கட்டிகள் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் என்று 1998இலேயே கனடாவின் கெய்ர்ன்கிராஸ் காட்டியிருந்தார். பென்ஃபீல்டின் அக்கா இன்று அறுவை செய்துகொண்டிருந்தால் இரண்டு சோதனைக்கும் திசு போயிருக்கும்.

வலிப்பு எங்கிருந்து வருகிறது?

இப்போது பழைய புதிருக்கு வரலாம். மெதுவாக வளரும் கட்டி ஏன் அதிகம் வலிப்பை உண்டாக்குகிறது?

மூளை நரம்பு செல்கள் ஒன்றையொன்று கிளப்பிவிடப் பயன்படுத்தும் முக்கியமான வேதிப்பொருள் குளுட்டமேட். அளவோடு இருந்தால் நினைவும் சிந்தனையும். அளவு மீறினால் வலிப்பு. 2011இல் அமெரிக்காவின் அலபாமாவில் ஹரால்டு சோன்தைமர் குழு, கிளையோமா எனப்படும் இவ்வகைக் கட்டிகளின் செல்கள் தம் சுற்றுப்புறத்தில் குளுட்டமேட்டைக் கொட்டுகின்றன, அதனால் பக்கத்து நரம்பு செல்கள் வலிப்புக்கு உள்ளாகின்றன என்று எலிகளில் காட்டியது. வலிப்பு தொடங்குவது பெரும்பாலும் கட்டிக்குள் இல்லை, கட்டியை ஒட்டிய நல்ல மூளையில். குளுட்டமேட்டை வெளியேற்றும் கதவை அடைக்க அவர்கள் பயன்படுத்தியது சல்ஃபாசலசின், குடல் அழற்சிக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படும் பழைய மாத்திரை. எலிகளில் வலிப்பு குறைந்தது.

ஐ.டி.எச். கதை இதோடு வந்து சேர்ந்துகொண்டது. மாறிய நொதி தன் பழைய வேலையைச் செய்யாமல் 2-ஹைட்ராக்ஸிகுளுட்டரேட் என்ற புதுப் பொருளைச் செய்து குவிக்கிறது என்று 2009இலேயே தெரிந்திருந்தது. கட்டிக்குள் அதன் அளவு இயல்பைவிட நூறு மடங்குகூடப் போகும். அந்தப் பொருளின் மூலக்கூறு வடிவம் குளுட்டமேட்டைப் போலவே இருக்கிறது. 2017இல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் இரண்டையும் இணைத்துப் பார்த்தார்கள். வெவ்வேறு நோயாளிக் குழுக்களில், ஐ.டி.எச். மாறிய கட்டி உள்ளவர்களில் 59 முதல் 74 சதவீதம் பேருக்கு அறுவைக்கு முன்பே வலிப்பு இருந்தது. மாறாத கட்டிகளில் அது 18 முதல் 34 சதவீதம்தான். வளர்ப்புத் தட்டில் இருந்த எலியின் நரம்பு செல்கள் மேல் அந்தப் பொருளை விட்டபோது அவை வேகவேகமாகத் துடித்தன. குளுட்டமேட் வந்து அமரும் இருக்கையை மறித்ததும் துடிப்பு அடங்கியது.

ஆக, ஒரே எழுத்து மாற்றம் மெதுவாக வளரும் கட்டிக்கு அடையாளமாகவும் இருக்கிறது, சுற்றிலும் வலிப்பையும் விதைக்கிறது. மெதுவாக வளரும் கட்டியில் வலிப்பு அதிகம் என்ற தலைகீழ்க் கணக்கின் பெரும்பகுதி இதில் தீர்ந்துவிட்டது. 2012 முதல் இந்தப் பொருளை மண்டையைத் திறக்காமலே, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் ஒரு சிறப்பு முறையால் அளக்கும் வழியும் வந்திருக்கிறது.

2019இல் இன்னொரு கண்டுபிடிப்பு வந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஹம்சா வெங்கடேஷ், மிஷெல் மோன்யே குழுவும், ஹைடல்பெர்க்கில் வருண் வெங்கடரமணி குழுவும் ஒரே நேரத்தில் காட்டியது இது: நரம்பு செல்கள் கட்டியின் செல்களோடு நேரடியாக இணைப்புப் போட்டுக்கொள்கின்றன. நரம்பின் துடிப்பு கட்டியின் வளர்ச்சியைத் தூண்டுகிறது. கட்டி நரம்பைக் கிளப்ப, நரம்பு கட்டியை வளர்க்கிறது. வலிப்பு, கட்டியின் விளைவு மட்டுமில்லாமல் கட்டிக்குத் துணைபோவதாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் இதிலிருந்து வலுப்பெற்றது.

பிள்ளைகளின் கட்டி

சிறுவர்களின் கதை வேறு. பள்ளி வயதில் வலிப்பு தொடங்கி, வருடக்கணக்கில் மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்காமல், கடைசியில் எம்.ஆர்.ஐ.யில் பொட்டுமடலில் சின்னக் கட்டி தெரியும். 1988இல் பாரிஸில் கேத்தரின் டோமா-டுபோர் இப்படி வந்த 39 இளம் நோயாளிகளின் கட்டிகளைத் தனி ரகமாக அடையாளம் கண்டு டி.என்.இ.டி. என்று பெயரிட்டார். கேங்கிலியோகிளையோமா இதன் பங்காளி. இரண்டும் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாதவை. முழுமையாக எடுத்துவிட்டால் பெரும்பாலோருக்கு வலிப்பும் நின்றுவிடும். 1995இல் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிறுவனத்தில் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் வலிப்பு அறுவைத் திட்டம் தொடங்கியபின், தென்னிந்தியாவில் இத்தகைய பிள்ளைகளுக்கு வழி அகலமாயிற்று.

இந்தக் கட்டிகளில் ஐ.டி.எச். மாற்றம் இருப்பதில்லை. கேங்கிலியோகிளையோமாக்கள் பலவற்றில் பி.ராஃப் என்ற வேறு மரபணுவில், 600ஆம் இடத்தில், ஓரெழுத்து மாறியிருக்கிறது. 2018இல் தென்கொரியாவின் கெய்ஸ்ட் நிறுவனத்தார் இதை எலிக்குட்டிகளின் மூளையில் புகுத்திப் பார்த்தார்கள். மாற்றம் நரம்பு செல்லுக்குள் போனால் வலிப்பு வந்தது. அருகில் தாங்கி நிற்கும் கிளையா செல்லுக்குள் போனால் கட்டி வளர்ந்தது. ஒரே பிழை, விழுந்த செல்லுக்குத் தக்க இரண்டு நோய். பிள்ளைக்கு வரும் வலிப்பு கட்டி அழுத்துவதால் வந்ததல்ல, இரண்டுமே ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று இதிலிருந்து தெரிகிறது.

ரிப்போர்ட்டை வைத்து என்ன செய்வது?

மார்க்கர் இன்னாருக்கு வலிப்பு வரும், இன்னாருக்கு வராது என்று ஜோசியம் சொல்லாது. ஐ.டி.எச். மாறியும் வலிப்பே வராதவர்கள் உண்டு. மாறாமலே வருபவர்களும் உண்டு. ஆனால் அடுத்த அடி எது என்று முடிவு செய்ய அது கைகொடுக்கிறது. கட்டியை எவ்வளவு முழுமையாக எடுக்கிறார்களோ அவ்வளவுக்கு வலிப்பும் கட்டுப்படும். கதிர்வீச்சை இப்போதே தொடங்குவதா, பொறுத்துப் பார்ப்பதா என்பதற்கு மார்க்கர் துணை. வலிப்பு மாத்திரையிலும் கவனம் வேண்டும். ஃபெனிட்டோயின், கார்பமசெபின் போன்ற பழைய மாத்திரைகள் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டுச் சில புற்றுநோய் மருந்துகளின் வீரியத்தைக் குறைத்துவிடும். அதனால் கட்டி உள்ளவர்களுக்கு இன்று பெரும்பாலும் லெவெட்டிரசெட்டம் தருகிறார்கள்.

மார்க்கரையே குறிவைக்கும் மருந்தும் வந்துவிட்டது. வோராசிடெனிப் என்ற மாத்திரை மாறிய ஐ.டி.எச். நொதியை முடக்குகிறது. 331 பேரிடம் சோதித்து 2023இல் முடிவு வெளியானது. கட்டி மீண்டும் வளரத் தொடங்க வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்குச் சராசரியாக 11.1 மாதம் ஆயிற்று, இந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு 27.7 மாதம். 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. வலிப்பை விதைக்கும் பொருளின் உற்பத்தியையே நிறுத்தும் மருந்து என்பதால், அது வலிப்பை எவ்வளவு குறைக்கும் என்பதையும் கூர்ந்து கவனித்துவருகிறார்கள்.

இத்தனை முன்னேற்றத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. நோயாளி நேரத்தில் வந்து சேர வேண்டும். மெதுவாக வளரும் கட்டி மனிதருக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் கொடுக்கிறது. அந்த அவகாசத்தைத் தின்பது நாம் வலிப்பை மறைக்கும் பழக்கம். 1976இல் இந்து திருமணச் சட்டத்தில் செய்த திருத்தம், திரும்பத் திரும்ப வலிப்பு வருபவர் மணம் செய்துகொள்ளத் தகுதியற்றவர் என்றது. 1999இல் அந்தச் சொல்லைச் சட்டத்திலிருந்து நீக்கினார்கள். வீடுகளிலிருந்து அது இன்னும் நீங்கவில்லை. கல்யாண வயதில் பிள்ளை இருக்கும் வீட்டில் வாயோரம் ஒரு இழுப்பு வந்தாலும், சில விநாடி கண் நிலைகுத்தினாலும், யாருக்கும் தெரியாத நாற்றம் மூக்கில் அடித்தாலும், கிறுகிறுப்பு, பித்தம், தறிச் சத்தத்தில் வந்த மயக்கம் என்று பெயர் மாற்றிச் சொல்கிறோம். ஜாக்சன் அந்தச் சமையல்காரப் பெண்ணிடம் கவனித்ததும் இப்படிப்பட்ட சின்ன அறிகுறிகளைத்தான்.

வயது வந்தவருக்கு முதன்முறையாக, காரணம் புரியாத வலிப்பு வந்தால் மூளையை ஸ்கேன் செய்து பார்த்துவிட வேண்டும். வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். வாயில் எதையும் திணிக்கக்கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீண்டால் உடனே ஆஸ்பத்திரி. எம்.ஆர்.ஐ. இயந்திரமும் நரம்பு அறுவைத் துறையும் இன்று சேலத்திலேயே இருக்கின்றன. இளம்பிள்ளையிலிருந்து இருபது கிலோமீட்டரைத் தாண்டாத தூரம்.

அடுத்த பகுதியில் மருந்துகளின் கதை. 1912இல் ஜெர்மனியில் ஒரு இளம் டாக்டர் வலிப்பு நோயாளிகள் இருந்த வார்டுக்கு மேலே குடியிருந்தார். இரவெல்லாம் கீழே வலிப்பு வந்து விழும் சத்தத்தில் அவருக்குத் தூக்கமே இல்லை. நோயாளிகளைத் தூங்கவைக்கலாம் என்று புதிதாக வந்திருந்த தூக்க மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். வலிப்பு குறைந்துபோனது. ஆல்ஃபிரட் ஹவுப்ட்மன் என்ற அந்த டாக்டர் கொடுத்த பீனோபார்பிட்டோன், நூறு ஆண்டு தாண்டியும் நம் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது.

(தொடரும்)